பிரசன்னா பெயரில் ஒரு விரல்

பிரசன்னாவுக்கு விரல்நுனியில் தோல் உரியும். கரூரில் இருந்த காலத்திலேயே உண்டு. நூம்பலில் ஃப்ளாட் பிடித்துக் குடிவந்த பிறகு போர் தண்ணீரின் புண்ணியத்தில் இன்னும் அதிகமாயிற்று. ரேஷன் கடையில் ரேகை விழாது. சிம் கார்டு வாங்கப் போனால் விழாது. அதையெல்லாம் சிரித்துச் சமாளித்துவிடலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டேட்டா சென்டரின் வாசலில் விழாமல் போனதுதான் ஒரு மனிதனின் சாவு வரைக்கும் வந்து நின்றது.

அந்தக் கட்டடத்துக்கு ஜன்னலே கிடையாது. பங்குச் சந்தை ஒன்றின் கம்ப்யூட்டர்கள் அதற்குள் இருந்தன. சந்தையின் மடியிலேயே தங்கள் கம்ப்யூட்டரையும் வைத்துவிட்டால், வாங்குகிற விற்கிற ஆர்டர் மற்றவனுக்கு முன்னால் போய்ச் சேரும் என்று புரோக்கர் கம்பெனிகள் அங்கே ஆளுக்கொரு ரேக் எடுத்திருந்தன. ரேக் என்றால் ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலான இரும்பு அலமாரி. அதற்கு வருஷ வாடகை, மின்சாரத்துக்குத் தனி, இணைப்புக்குத் தனி. விதிமுறைகள் மட்டும் நாற்பத்தெட்டுப் பக்கம். அதில் சந்தைக்கு ரொம்பப் பெருமையான விதி, எல்லா ரேக்குக்கும் ஒரே நீளக் கேபிள் என்பது. பக்கத்திலேயே இருக்கிற ரேக்குக்கும் அதே நீளம்தான்; மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். ஒருவனுக்கு ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குகூட கூடுதல் ஆதாயம் கிடைத்துவிடக் கூடாதாம்.

"ஒயருக்கு இன்னா மருவாதி பாத்தியா சார்," என்பார் அமல்ராஜ், சுருளைக் கட்டிக்கொண்டே. "ஒரு சாண் கூட கொற இல்லாம அளந்து உடுறானுங்கோ."

அமல்ராஜ் கம்பெனி ஆள் இல்லை. பருத்திப்பட்டில் வீடு, மனைவி எழிலரசி, இரண்டு பெண்கள். காண்ட்ராக்டர் மூலமாக வந்து, பிரசன்னா வேலை செய்யும் புரோக்கர் கம்பெனிக்குச் சர்வர் என்கிற அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டிகளைத் தூக்குவது, மாட்டுவது, கழற்றுவது எல்லாம் அவர்தான். மூன்று வருஷமாக அதே வேலை. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் போக அவர் பெயரில் பாஸ் கிடையாது. ஒரு ரேக்குக்கு இரண்டு பேருக்குத்தான் பாஸ், மூன்றாவது ஆளுக்கு வருஷக் கட்டணம் என்பது விதி. அந்தக் கட்டணத்தைக் கட்ட மேனேஜர் கிரணுக்கு மனசு வரவில்லை. ஒரு பாஸ் கிரண் பெயரில் இருந்தது. அவன் விரலைப் பதித்துவிட்டுப் போனவன்தான், உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. இன்னொன்று பிரசன்னா பெயரில்.

பதிவு செய்கிற அன்று பிரசன்னாவின் கட்டைவிரல் நாலு தடவையும் விழவில்லை. பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். செக்யூரிட்டி பாபு அலுத்துக்கொண்டார். கூட வந்திருந்த அமல்ராஜ், "நான் வெக்கட்டா சார்," என்று விளையாட்டாகத் தன் வலது கட்டைவிரலை வைத்தார். முதல் தடவையே பச்சை விளக்கு. மூன்று பேரும் சிரித்தார்கள். பாபு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அட்டையில் பிரசன்னாவின் படம், மெஷினில் அமல்ராஜின் விரல். பிரசன்னாவே நினைத்தாலும் உள்ளே போக முடியாது. போக வேண்டும் என்று அவனும் நினைக்கவில்லை. சந்தை நடக்கும்போது இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது என்பதால் எல்லா வேலையும் விடியற்காலையில்தான். நூம்பலிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்ப யாருக்கு ஆசை. உள்ளே எல்லோருக்கும் தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க். கேமராவுக்கு எல்லோரும் ஒன்றுதான். இரண்டு வருஷம் அமல்ராஜ்தான் பிரசன்னாவாகப் போய் வந்தார். சொல்லப்போனால் அது பிரசன்னாவுக்கு வசதியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ரேக்கின் உச்சித் தட்டில், பழையதைக் கழற்றிவிட்டுப் புதுச் சர்வர் ஏற்ற வேண்டியிருந்தது. முப்பத்தைந்து கிலோ. இருபது கிலோவுக்கு மேலே இருந்தால் இரண்டு பேர் தூக்க வேண்டும் என்றும் அந்த நாற்பத்தெட்டுப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது ஆள் கிரண். அவன் அண்ணா நகரில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அமல்ராஜ் ஏணி ஸ்டூலில் ஏறித் தனியாகத் தூக்கினார். ஸ்டூல் சரிந்தது. சர்வர் அவர் விலாவில் விழுந்தது. யாரும் வரவில்லை. அவரே எழுந்து, சாமான் இறக்குகிற பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தார். அந்தக் கதவு உள்ளேயிருந்து பொத்தானை அமுக்கினால் திறக்கும், விரல் கேட்காது. இறக்குமேடையில் உட்கார்ந்து, பார்த்து ஓடிவந்த பாபுவிடம் நடந்ததைச் சொன்னார், தண்ணீர் கேட்டார், பாதி குடித்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. விலா ஒடிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மத்தியானத்துக்குள் கம்பெனி தொழிலாளர் துறைக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டது. அமல்ராஜ் என்பவர் அன்று டேட்டா சென்டருக்குள் நுழையவே இல்லை, வருகிற வழியில் பைக்கிலிருந்து விழுந்திருக்கக் கூடும், காலை 6.12க்கு உள்ளே சென்றவர் ஊழியர் பிரசன்னா. பதிவேட்டின் நகலும் இணைக்கப்பட்டிருந்தது. பதிவேடு பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. சனிக்கிழமை பாபுவை ஒரகடத்தில் ஏதோ குடோனுக்கு மாற்றிவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் ஜனங்கள் கலைந்த பிறகு எழிலரசி நேராகப் பிரசன்னாவிடம் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"பாபு அண்ணன் போன் பண்ணி எல்லாம் சொல்லிட்டாரு சார். உங்க பேர்ல கீறது எங்க ஊட்டுக்காரரு வெரலாமே. சோத்தாங்கை கட்டவெரலு."

பிரசன்னா தலையை ஆட்டினான்.

"வண்டில உயுந்துட்டாருன்னு எழுதிக் குடுத்துகீறாங்க. வேலைல செத்தாருன்னு ஆவலன்னா எனக்கும் பொண்ணுங்களுக்கும் ஒண்ணும் கெடையாதாம். திங்கக்கெயம பத்தரைக்கு லேபர் ஆபீசரு வராரு. இவரு ஆதார் கார்ட நான் எட்துகினு வரேன், அந்த நம்பர்ல இவரு ரேகை கீது. ரெண்டு ரேகையும் ஒண்ணுன்னு காட்டிட்டா போதும். அதுவரிக்கும் அத அயிக்காம பாத்துக்க சார். வேற எதுவும் நீ பேச வாணாம்."

"அழிக்க விடமாட்டேன்க்கா," என்றான் பிரசன்னா.

அந்த நிமிஷத்தில் அவன் மனப்பூர்வமாகத்தான் சொன்னான். அதைச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஃப்ளாட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான். ரேகை ஒத்துப்போனால் அவன் செய்தது ஆள்மாறாட்டம் என்று ஆகிவிடும். சந்தை அவன் பெயரைத் தடைப் பட்டியலில் போடும். அந்தப் பட்டியல் அம்பத்தூரிலிருந்து சிறுசேரி வரைக்கும் எல்லா டேட்டா சென்டருக்கும் போகும். அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை இது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சும்மா இருப்பது ஒன்றுதானே அவள் கேட்டது, அதைக்கூடச் செய்ய முடியாதா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்லிக் கிரண் போன் செய்தான். போனபோது கிரண் வரவேற்பறையில் லேப்டாப் பையோடு காத்திருந்தான்.

"சர்வர் இன்னும் தரைலதான் கிடக்கு. வெள்ளிக்கிழமை ஒரு ஆர்டர் போகல. ஒன்பதுக்குள்ள ஏத்தியாகணும், வா."

"பத்தரைக்கு லேபர் ஆபீசர் வர்றாரு கிரண். அவர் வந்துட்டுப் போகட்டுமே."

"ஒன்பதே காலுக்குச் சந்தை தொறந்துட்டா சாயங்காலம் வரைக்கும் கை வைக்கக் கூடாது. ரூல் தெரியும்ல? இன்னிக்கும் போச்சுன்னா கஸ்டமர் எவனும் இருக்கமாட்டான்." குரலைத் தாழ்த்தினான். "அந்த விரல் யாருதுன்னு வெளிய வந்தா முதல்ல மாட்டுறது நீ. என் பேர்ல என் விரல்தான் இருக்கு. அமல்ராஜ்கிட்டேருந்து எடுத்து வெச்சேன், இந்தா உன் கார்டு. காட்டு."

பிரசன்னா அட்டையைக் காட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ஒரு வரி வந்தது: ஏற்கெனவே உள்ளே உள்ளார்.

மேஜையில் பாபுவுக்குப் பதில் கவிப்பிரியா என்று ஒரு புதுப் பெண் இருந்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"சார், நீங்க வெள்ளிக்கிழமை காலைல உள்ள போயிருக்கீங்க. வெளிய வந்ததா பதிவே இல்ல. மூணு நாளா உள்ளயே இருக்கீங்கன்னு காட்டுது."

வெளியே வரும்போது விரல் வைக்காதவரை அந்த மெஷின் மறுபடி உள்ளே விடாது. அதற்கென்று ஒரு படிவம் இருந்தது. அதைக் கிரண் முன்பே நிரப்பி வைத்திருந்தான். 'வெள்ளிக்கிழமை 6.50க்கு வெளியேறினேன். விரல் வைக்க மறந்துவிட்டேன்.' கீழே கையெழுத்துக்கு இடம்.

பிரசன்னா அதை இரண்டு முறை படித்தான். அமல்ராஜ் இறக்குமேடையில் தண்ணீர் கேட்ட நேரம் கிட்டத்தட்ட அதுதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடியாது என்று. கிரண் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான். பிரசன்னா கையெழுத்துப் போட்டான்.

"இப்ப விரல் வைங்க சார்."

வைத்தான். பொருந்தவில்லை.

"அவனுக்குத் தோல் உரியற பிரச்சினை," என்றான் கிரண் சாதாரணமாக. "புதுசா எடுத்துக்கோங்க. கம்பெனி லெட்டர் இதோ இருக்கு. மறுபதிவுக் கட்டணம் நேத்தே கட்டியாச்சு."

மூன்றாவது பாஸுக்கு இரண்டு வருஷமாகக் கட்ட மனசு வராத ஆள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதைக் கட்டியிருக்கிறான்.

வலது கட்டைவிரல் விழவில்லை. ஆள்காட்டி விரல் விழவில்லை. கவிப்பிரியா அவசரப்படாத பெண். அன்று வரிசையும் இல்லை. துணியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, "அடுத்தது வைங்க சார்," என்று பொறுமையாகச் சொன்னாள். எந்த விரலும் விழக் கூடாது என்று பிரசன்னா வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டே அடுத்த விரலை வைத்தான். எட்டு விரல் ஆயிற்று. ஒன்பதாவதாக இடது கை மோதிர விரலை வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது.

"பழசு போயிடுச்சு சார். இனிமே பிரச்சினை இல்ல," என்றாள் அவள்.

தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். ரேக்கின் முன்னால் ஸ்டூல் சாய்ந்தபடியே கிடந்தது. சர்வரின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். மேலே, மிச்சக் கேபிள் வட்டமாகச் சுருட்டப்பட்டு, மூன்று இடத்தில் ஒரே இடைவெளியில் கட்டப்பட்டிருந்தது. அமல்ராஜின் கட்டு. பிரசன்னாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நீ அந்தப் பக்கம் பிடி," என்றான் கிரண்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கனமாகவே இல்லை. உச்சித் தட்டில் வைத்துத் தள்ளினார்கள், உட்கார்ந்துகொண்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கிரண் கையைத் தட்டிவிட்டுக்கொண்டான். கேபிளை மாட்டியதும் நசுங்கிய மூலையோடேயே அது ஓடத் தொடங்கிற்று. இருவரும் விரல் வைத்து வெளியே வந்தார்கள். ஒன்பதே காலுக்கு முதல் ஆர்டர் போனது.

பத்தரைக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர் ஜானகிராமன் வந்தார். ஓய்வுக்கு இரண்டொரு வருஷம் இருக்கும் போலிருந்தது. படி ஏறியதில் மூச்சு வாங்கியது. எழிலரசி ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நின்றாள். உள்ளே வந்ததும் பிரசன்னாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். நம்பிக்கையோடு பார்த்தாள். அதை அவன் சாகும் வரைக்கும் மறக்கப்போவதில்லை.

"இந்தம்மா சொல்றாங்க, உங்க பேர்ல இருக்கிறது இவங்க வீட்டுக்காரர் ரேகைன்னு," என்றார் ஜானகிராமன். "நீங்க கதவைத் திறந்து காட்ட முடியுமா?"

பிரசன்னா கதவருகே போனான். அட்டையைக் காட்டினான். இடது கை மோதிர விரலை வைத்தான். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது.

ஆய்வாளர் எழிலரசியைத் திரும்பிப் பார்த்தார்.

"அது இல்ல சார்," என்றாள் அவள். "சோத்தாங்கை கட்டவெரலு. பாபு அண்ணன் சொன்னாரு. இது பீச்சாங்கை சார். இன்னிக்கி நேத்து வெச்சுகீறாங்க. அவரயே கேளு சார், அவரு சொல்லுவாரு."

ஜானகிராமன் பேனாவை எடுத்தார். "எப்பங்க பதிவு பண்ணீங்க?"

கவிப்பிரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிரண் அவளைப் பார்த்தான், அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழிலரசி பிரசன்னாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கவரிலிருந்து ஆதார் கார்டைப் பாதி வெளியே எடுத்திருந்தாள். அமல்ராஜின் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

"ரெண்டு வருஷம் ஆச்சு சார்," என்றான் பிரசன்னா.

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். எழிலரசி கார்டை மறுபடி கவருக்குள் தள்ளி, கவரின் வாயை மடித்து, இன்னொரு தடவை மடித்தாள்.

"உட மாட்டேன்னியே சார்," என்றாள் மெல்ல.

அவனால் அங்கே நிற்க முடியவில்லை. திறந்திருந்த கதவுக்குள் ஒரு எட்டு வைத்தான், கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே சில்லென்று காற்று ஓடிக்கொண்டிருந்தது. கதவிலிருந்த கண்ணாடி வழியாகவும் அதற்கப்பால் வரவேற்பறையின் கண்ணாடி வாசல் வழியாகவும் அவள் வெளியே போவது தெரிந்தது. எஸ்டேட் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப் பக்கம் அவள் திரும்பி மறையும் வரைக்கும் காத்திருந்தான். பிறகு வெளியே வந்தான். வரும்போது, மறக்காமல், விரலை வைத்தான்.