மறைந்த தந்தையாருக்கு முன்வரிசை நாற்காலி

கௌரவ விரிவுரையாளர் என்ற வேலையில் கௌரவம் பெயரோடு நின்றுவிடும் என்பது ஹம்சவேணிக்குப் பழகிப்போன சங்கதி. ஆனால் பிள்ளைகள் கண்ணெதிரே தன் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் எறிந்ததை மட்டும் அவளால் செரிக்க முடியவில்லை.

எறிந்தவர் வரலாற்றுத் துறைத் தலைவர் முனைவர் சிவபாண்டி. அவள் செய்த குற்றம் இதுதான்: இரண்டாம் வருடப் பிள்ளைகளை அவரவர் ஊரைப் பற்றி ஏஐயிடம் கேட்கச் சொன்னாள். பதில் வந்ததும்தான் வேலையே தொடங்கும். அதில் எது நிசம், எது புளுகு என்று ஊரிலும் நூலகத்திலும் விசாரித்து, ஆதாரத்தோடு திருத்த வேண்டும். வில்லாபுரத்து அஸ்வினி, தன் தெருவில் ஏஐ கட்டிவிட்டிருந்த கோட்டையை உற்சாகமாக இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் சிவபாண்டி உள்ளே நுழைந்தார்.

“வகுப்பா இது, செல்போன் கடையா? ஏம்மா, மிஷினே பாடம் நடத்தும்னா ஒனக்கு எதுக்குச் சம்பளம்?”

அன்றோடு அந்த வகுப்பு அவள் கையை விட்டுப் போனது. வீட்டுக்குப் போய், தாய்மொழியான சௌராஷ்டிரத்தில் ஆசை தீரத் திட்டினாள். ஆறவில்லை. வகுப்பைப் பறித்த வாயாலேயே அதைத் திருப்பித் தர வைப்பது என்று முடிவு செய்த பிறகுதான் சோறு இறங்கியது.

அந்த வாய் தானாகவே வந்து மாட்டியது. கல்லூரியில் ‘செயற்கை நுண்ணறிவும் கற்பித்தல் அறமும்’ என்று கருத்தரங்கம். சிறப்புரை, வேறு யார், சிவபாண்டி.

“ஏம்மா, நீதான் அந்தக் கருமத்துல கெட்டிக்காரியாச்சே. ஒரு உரை அடிச்சுக் குடு. எங்கப்பாவைப் பத்தி ஒரு எடம் வரணும். சபையே கண்ணத் தொடைக்கணும்.”

“அவரப் பத்தி நீங்க சொல்லுங்க சார், எழுதுறேன்.”

“அம்புட்டு நேரம் யாருக்கும்மா இருக்கு? அதுவே எழுதும்ல.”

எழுதியது. அழ வை என்று கேட்டால் அது சும்மா விடுமா? வாசித்துக்கொண்டே வந்த ஹம்சவேணி ஓரிடத்தில் நின்றாள். மறுபடி வாசித்தாள். ஓரெழுத்தும் மாற்றாமல் அச்செடுத்தாள்.

“சார், நான் எதையும் திருத்தல. தெரியாததையும் தெரிஞ்ச மாதிரியே அடிச்சு விடும் அது. மேடை ஏறுறதுக்கு முன்னாடி வாசிச்சுப் பாத்துருங்க.”

“காலங்காலமா மேடை ஏறுறவனுக்கு நீ சொல்லித் தர்றியா? போம்மா.”

பையில் திணித்துக்கொண்டார். பிரித்துப் பார்க்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அன்றே அவர் ஊரான அலங்காநல்லூருக்குப் போன் போட்டு அவருடைய அப்பா விருமாண்டியை அழைத்தாள். “கட்டாயம் வரணும்யா. ஒங்களப் பத்தித்தான் பேசப்போறாரு.”

வந்தார். வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை, முன்வரிசையில் நடு நாற்காலி. மேடையிலிருந்து பார்த்த மகனுக்குப் பெருமை பிடிபடவில்லை. தாளில் கண்ணை ஊன்றி, குரலைத் தழுதழுக்க விட்டார்:

“அரிக்கேன் விளக்கின் மங்கிய ஒளியில், பசித்த வயிற்றோடு எனக்கு அகரம் கற்பித்த, மறைந்த என் தந்தையார்…”

சபை உருகுவதற்காக வழக்கம்போல் கொஞ்சம் இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில் விருமாண்டி எழுந்தார்.

“ஏன்டா, நான் எப்படா செத்தேன்?”

விருமாண்டி அதோடு விடவில்லை.

“பசிச்ச வயிறா? ரைஸ்மில்லு வச்சிருக்கேன்டா! அரிக்கேன் வெளக்கா? ஊர்லயே மொதக் கரண்டு நம்ம வீட்டுக்குத்தான்டா வந்துச்சு! அகரமாம்ல, நானே கைநாட்டுடா!”

அரங்கம் வெடித்தது. கல்லூரி முதல்வர் மட்டும் சிரிக்கவில்லை. “யாரு சார் எழுதுனது?”

ஹம்சவேணி எழுதினாள் என்றால் இரவல் உரை. மிஷின் எழுதியது என்றால் இத்தனை நாள் முழங்கிய அறம் போச்சு. சிவபாண்டி தாளை அவசரமாக மடித்தார்.

“இது… ஒரு செயல்விளக்கம். ஏஐ சொல்றத அப்படியே நம்புனா என்ன ஆகும்னு காட்டத்தான்…”

ஹம்சவேணி மேடையேறி மைக்கை வாங்கினாள்.

“சார் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. எங்க ரெண்டாம் வருசத்துப் பயிற்சிதான் இது. திங்கக்கெழமையில இருந்து அந்த வகுப்ப மறுபடி என்கிட்டயே குடுக்குறதா இருக்காங்க. இல்லையா சார்?”

மொத்த அரங்கமும் அவர் வாயைப் பார்த்தது.

“ஆ… ஆமாம்மா.”

“நன்றி சார். பயிற்சியில அடுத்தது, பொய்யைக் கண்டுபிடிச்சு ஆதாரத்தோட திருத்துறது. ஆதாரம் எதிர்லயே நிக்கிது.”

அவர் எறிந்த அன்றே குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி வைத்திருந்த சாக்பீஸைக் கைப்பையிலிருந்து எடுத்து, மரியாதையாக இரு கையாலும் நீட்டினாள். வாங்காமல் என்ன செய்வார்? மேடையோரக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

இதற்குள் யாரோ பொன்னாடையோடு விருமாண்டியிடம் ஓடினார்கள்.

“செத்தவனுக்கு எதுக்குப்பா பொன்னாட? மாலையா வாங்கிட்டு வா.” தட்டிவிட்டு மகனைப் பார்த்தார். “ம்… எழுதுடா. அப்பா உசுரோட இருக்காரு. எழுது.”