மூன்றாம் வளைவில் நான் எடுத்துக்கொண்ட நேரம்

1

அன்று ரிமோட் கார் இறுதிப் போட்டியில் மைதானத்துக்குள் இருந்தவர்கள்: நான், என் தம்பி, ரிமோட்டைப் பிடித்திருந்த தம்பி மகள், இன்னொரு ரிமோட்டைப் பிடித்திருந்த பேக்கரிக்காரர், முதல் வளைவில் நின்ற பேக்கரிக்காரர் மகன், விசில் ஊதிய பல் டாக்டர். மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, எரிச்சலில் பிறந்தது. "நடந்தத நம்ம மன்ற மலர்ல எழுதுங்க பெரியப்பா. இல்லன்னா நானே கோப்பையக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடுவேன்" என்றாள் தம்பி மகள். எங்கள் குடும்பத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமே கிடையாது. (இந்த வாக்கியம் வேறு மாதிரிப் படுகிறது. அடித்துவிடவும்.)

2

முதல் தொடக்கம்: "கதிரவன் தன் பொற்கரங்களால் மைதானத்தை..." வேண்டாம். அன்று தூறல்.

இரண்டாம் தொடக்கம்: போன வருடப் போட்டியில் எங்கள் ரிமோட் ராலி கார் ஒவ்வொரு வளைவிலும் கவிழ்ந்தது. பேக்கரிக்காரர் எங்களுக்குக் 'கரணக் குடும்பம்' என்று பெயர் வைத்தார். ரொட்டி வாங்கப் போனால் கல்லாவில் இருப்பவர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இது இருக்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை.

3

சமையலறை மேசைமேல் தம்பி மகள் காரைப் பிரித்துப் போட்டிருந்தாள். கெட்டி ஸ்பிரிங்குகளைக் கழற்றி மென்மையானவற்றை மாட்டினாள். ஷாக் அப்சார்பருக்குள் இருந்த தடித்த எண்ணெயைக் கொட்டிவிட்டு நீர்த்த எண்ணெய் ஊற்றினாள். காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை அதன் தண்டை மெல்ல ஏற்றி இறக்கினாள். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, காரை ஒரு சாண் உயரத்திலிருந்து மேசைமேல் விட்டாள். அது துள்ளவில்லை. ஒருமுறை அமுங்கி, எழுந்து, நின்றது.

"என்னம்மா இது, போறவன் வர்றவனுக்கெல்லாம் கும்பிடு போடுது?" என்றேன்.

"கல்லுமேல ஏறுனா அமுங்கணும் பெரியப்பா. விறைப்பா இருந்தா எகிறிடும். தரையிலயே இல்லாத சக்கரத்த எப்படித் திருப்புறது?"

"நம்ம வீட்டுல யாரும் அமுங்கி வாழ்ந்ததில்ல."

"அதான் போன வருஷம் கரணம் போட்டோம்."

தம்பி சிரித்தான். அவனை இந்தக் கதையிலிருந்தே நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். மைதானத்துக்கு அவன் வண்டியில்தான் போனோம் என்பதால் விட்டுவைக்கிறேன்.

4

இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் பேக்கரியில், நாலு பேர் காதில் விழும்படி, என் கொள்கையைச் சொன்னேன். "வண்டின்னா நிமிர்ந்து நிக்கணும். இருக்கறதுலயே கெட்டியான ஸ்பிரிங்கா போடணும். எங்க வீட்டுப் பொண்ணு கேக்க மாட்டேங்குது."

பேக்கரிக்காரர் மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதை நம்பித் தன் காரில் மாற்றுவார் என்று எனக்கெப்படித் தெரியும்? நான் சொல்வதை எங்கள் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை.

5

எங்கள் மன்றத்தில் ஒரு விதி உண்டு. போட்டியிடும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் ஒரு வளைவில் நிற்க வேண்டும். அங்கே எந்தக் கார் கவிழ்ந்தாலும், எதிராளியின் காரே ஆனாலும், அவர்தான் எடுத்து நிறுத்த வேண்டும். எனக்கு மூன்றாம் வளைவு.

எடை அளவு ஆய்வாளராக இருந்த காலத்தில் எந்தத் தராசையும் நான் குனிந்து பார்த்ததில்லை. தராசைத்தான் என் கண்ணுக்கு நேரே தூக்கச் சொல்வேன். அன்றும் அப்படியே நிமிர்ந்து நின்றேன். (சட்டைக்குள் என்ன கட்டியிருந்தேன் என்பது கதைக்குத் தேவையில்லை.)

கடைசிச் சுற்றில் பேக்கரிக்காரரின் கார் முன்னால் வந்தது. ஜல்லியில் தத்தித் தத்தி வந்து, ஒரு கல்லில் எகிறி, என் காலடியில் மல்லாந்தது. சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுழன்றன.

"எடுங்கண்ணே" என்றார் பேக்கரிக்காரர். "அண்ணே, கால்கிட்டதான் கெடக்கு, எடுங்க."

நான் உடனே

மின்னல் வேகத்தில் நான்

எடுத்தேன். நேராக, போகவேண்டிய திசையைப் பார்த்து வைத்தேன். அதற்குள் எங்கள் கார் ஒவ்வொரு கல்லுக்கும் தலையாட்டியபடி என்னைக் கடந்து போய்விட்டது. அது முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பல் டாக்டர் விசில் ஊதினார்.

"யோசனை சொல்லிக் கவுத்ததும் நீங்க, தூக்காம நின்னதும் நீங்க" என்றார் பேக்கரிக்காரர், எல்லோர் முன்னாலும். "பொண்ணு கையில ரிமோட்டு எதுக்கு? பெரியப்பா ஒருத்தரே போதுமே."

தம்பி மகள் கோப்பையை வாங்கியபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

6

முடிவு அ: பேக்கரிக்காரர் கண் கலங்கி என் கையைப் பற்றிக்கொள்கிறார். அவர் அப்படிப்பட்டவர் அல்ல.

முடிவு ஆ: அந்த நேரம் பார்த்து என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. இதைத் தம்பி மகள் படித்துவிட்டாள்.

"தூறல்ல தூசியா? பெரியப்பா, அந்த பெல்ட்டப் பத்தி எழுதுங்க."

"எந்த பெல்ட்டு?"

"மொட்டமாடில உங்க வேட்டிக்குப் பின்னால ஒளிச்சுக் காயப்போடுறீங்களே, அது."

முடிவு இ: அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு பேக்கரிப் படி ஏறுகிறாள். அந்த வாக்கியத்துக்கு மேல் என் பேனா நகரவில்லை.

ஆகவே முடிவு எழுதப்போவதில்லை. கோப்பை யார் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும் என்பதை இதைப் படிக்கும் மன்றத்தார் சொல்லட்டும். ஒன்றைத் திருத்துவது மட்டும் என் கடமை. பேக்கரிக்காரரின் காரைத் தூக்காமல் நான் வேண்டுமென்றே நின்றேன் என்று பேசப்படுகிறது. அது தவறு. கார் கவிழ்ந்த உடனேயே நான் குனியத் தொடங்கிவிட்டேன். என் முதுகு வளைய அவ்வளவு நேரம் ஆகிறது.