உடன் இருந்தவர்

அம்மாவின் இறப்புப் படிவத்தில் 'உடன் இருந்தவர்' என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்தவள் எழுதாமல் நின்றாள். ஆஸ்பத்திரி குமாஸ்தா மேசையைத் தட்டினார்.

"உயிர் போறப்ப பக்கத்துல யாரும்மா இருந்தாங்க? அவங்க பேர எழுதுங்க."

"யாருமில்ல சார்," என்றார் மாமா. "நான் மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். இவ பரீட்சைக்குப் போயிருந்தா."

அவர் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் இவளும் நாலு கேட்டிருப்பாள்.

அம்மா சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவள். மகள் பல்கலைக்கழகத்தில் 'இருக்கிறது' என்ற ஒரே ஒரு வினைச்சொல்லை ஆராய்ந்தாள். ஆங்கிலத்தில் இஸ், ஜெர்மனில் இஸ்ட், லத்தீனில் எஸ்ட். எல்லாம் ஒரே வேர். ஆனால் இறந்தகாலம் வந்ததும் ஆங்கிலமும் ஜெர்மனும் அந்த வேரைக் கைகழுவிவிட்டு, வேறொரு வினைச்சொல்லைக் கூட்டிவந்து நிறுத்திவிடும். ஆங்கிலத்தில் வாஸ், ஜெர்மனில் வார். அந்த வேருக்குப் பழைய காலத்தில் தங்குவது என்று பொருள்.

இதைக் கேட்டு அம்மா விரிப்பை உதறியபடியே சிரித்தாள்.

"இதுக்காடி நாலு வருஷம்? நமக்கு இருக்கறதும் தங்கறதும் ஒரே 'இரு'தானே. என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

அதிலிருந்து மகளுக்கு வீட்டில் 'இஸ்ஸு' என்று பெயர்.

இன்று காலை வாய்மொழித் தேர்வு. பையை மாட்டிக்கொண்டு வார்டிலிருந்து கிளம்பும்போது அம்மா மூச்சுக் கவசத்தை ஒரு விரலால் விலக்கி, "இரு," என்றாள். ஏதோ எடுத்துத் தரப்போகிறாள் என்று இவள் நின்றாள். அம்மா எதையும் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். நேரமாகிவிட்டது, மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இவள் படியிறங்கினாள்.

ஐந்து பேராசிரியர்களுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம், 'தங்குவது' எப்படி 'இருந்தது' ஆனது என்று விளக்கினாள். வீட்டில் முதல் பட்டதாரியாம், பாருங்கள் என்று ஒருவர் இவள் தலைக்கு மேலாக இன்னொருவரிடம் சொன்னார். கைதட்டினார்கள். வெளியே வந்து போனைப் பார்த்தால் மாமாவிடமிருந்து பதினோரு அழைப்புகள்.

ஏழு மொழியில் அந்தச் சொல்லைத் துருவியவள். சொந்த மொழியில் அம்மா அதைச் சொன்னபோது 'கொஞ்சம் பொறு' என்று எடுத்துக்கொண்டாள்.

"காலியா விட்டுடவா?" என்றாள் குமாஸ்தாவிடம்.

"விடக் கூடாதும்மா."

'ஒருவரும் இல்லை' என்று எழுதினாள். கையெழுத்து கோணாமல் வந்தது.

வார்டில் அம்மாவைத் தலையோடு மூடியிருந்தார்கள். விரிப்பின் ஒரு மூலை தரையைத் தொட்டுத் தொங்கியது. அம்மா பார்த்திருந்தால் மடித்தவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இவள் அந்த மூலையை எடுத்து, கோடு பிசகாமல் மடித்து, மெத்தைக்கு அடியில் செருகினாள்.

மாமா கதவருகே வந்து நின்றார்.

"வண்டி வந்துடுச்சு இஸ்ஸு. கிளம்பலாமா?"

அவள் தோளில் இருந்த பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.