கண்ணோடு நகராத இழை

ஊசிமருந்து பாட்டில்களைச் சோதிக்கும் அறையில் அவளுக்குக் கழுகு என்று பட்டப்பெயர் வைத்தவரே சூப்பர்வைசர்தான். பாட்டிலை ஒரு சுழற்று சுழற்றி, விளக்குக்கு நேரே நிறுத்தி, உள்ளே தூசியோ இழையோ இறங்குகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இருந்தால் சிவப்பு ட்ரே, இல்லையென்றால் பச்சை. இந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

அப்பேர்ப்பட்ட கழுகு, போன மாதம் நல்ல பாட்டில்களையெல்லாம் சிவப்பில் தள்ள ஆரம்பித்தாள். எதை எடுத்தாலும் உள்ளே ஒரு கறுப்பு இழை நெளிந்தது. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அங்கேயும் நெளிந்தது. பயந்துபோய்க் கண் டாக்டரிடம் ஓடினாள்.

“கண்ணுக்குள்ள கூழ் மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அதுல இழை மிதக்குது. நீங்க பாக்கறது அதோட நிழல். ஆபத்தில்ல, பழகிக்குங்க.”

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கண்ணில் குறை இருப்பவர் அந்த அறையில் உட்காரவே கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அண்ணன் முதுகு போய்ப் படுக்கையில் விழுந்த பிறகு, அவளும், அதே அறையில் பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் அண்ணியும் கொண்டுவருவதில்தான் வீடே ஓடுகிறது.

“நீ வாயத் தொறக்காத. செவப்புல நீ வைக்கறத நான் ஒருதரம் பாத்துட்டுப் பச்சைக்கு மாத்திடறேன்” என்றாள் அண்ணி.

கொஞ்ச நாள் பார்த்து மாற்றினாள். அப்புறம் பார்க்காமலே மாற்றினாள். மகராசி, அவளுக்கும் கை ஓய வேண்டாமா?

அன்று ஒரு பாட்டிலில் இழை தெரிந்தது. கழுகு வழக்கம்போலக் கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அவளுடைய இழை கூடவே வந்தது. திரும்பப் பாட்டிலைப் பார்த்தால் அங்கே இன்னொன்று இருந்தது. கண்ணை எப்படி உருட்டினாலும் அது கூட வரவில்லை, தன் பாட்டுக்கு அடியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சிவப்பில் வைத்துக் கையை எடுப்பதற்குள் அண்ணி அதைத் தூக்கிப் பச்சையில் வைத்துவிட்டாள்.

“அண்ணி, இது நெஜம்!”

“உனக்கு எதுதான் நெஜமாத் தெரியல?”

அதற்குள் சூப்பர்வைசர் பச்சை ட்ரேயை எடுக்க வந்துவிட்டார். யார் பெற்ற பிள்ளையின் ரத்தத்தில் ஏறப்போகிறதோ என்று நினைத்தாள். ட்ரேயில் கடைசியாக ஏறிய அந்தப் பாட்டிலை உருவி அவரிடம் நீட்டினாள்.

“சார், இதுல இழை இருக்கு.”

“அப்புறம் எதுக்குப் பச்சையில வச்சே?”

முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். யார் வைத்தது என்று சொன்னால் அண்ணிக்கு வேலை போகும். ஏன் வைத்தாள் என்று சொன்னால் இவளுக்கும் போகும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அண்ணி முந்திக்கொண்டாள்.

“அவளுக்கு ஒரு மாசமாக் கண்ணுல பூச்சி பறக்குது சார். பாக்கறதெல்லாம் இழைதான்.”

“கழுகுக்கா?”

“கண்ணுல இருக்கறது வேற, இது வேற சார்! நீங்களே பாருங்க!” என்று கெஞ்சினாள்.

“எனக்கே வெள்ளெழுத்து” என்று அவர் பாட்டிலை அண்ணியிடம் கொடுத்தார். “நீ பாத்துச் சொல்லும்மா.”

அண்ணி சுழற்றி, விளக்குக்கு நேரே நிறுத்தினாள். தொப்பிக்கும் கவசத்துக்கும் நடுவே கண்கள் மட்டும் தெரிந்தன. கருவிழி இரண்டும் எதையோ பின்தொடர்ந்து மேலிருந்து மெல்ல இறங்கி, அடியில் போய் நின்றன.

“ஒண்ணுமில்ல சார்” என்றாள்.