ஆடு படம் போட்ட டப்பா

பாத்திர விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். கொஞ்சம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். ஓசூர்ப் பக்கத்தில் எங்கள் மூக்கண்டப்பள்ளியில் வேறு யாரைக் கேட்டாலும் அந்தக் 'கொஞ்ச'த்தை எடுத்துவிட்டுத்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்தால் அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, ஏதாவது போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு துண்டு வெல்லமாவது போட வேண்டும். காலியாக நீட்டினால், உன் சகவாசமே வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. இது இங்கே சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இத்தாலிக்காரர்களுக்குத் தெரியுமா என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

இத்தாலிக்காரர்கள் எங்கள் கதைக்குள் எப்படி வந்தார்கள் என்றால், யுத்தம் நடந்தபோது பெங்களூரில் அந்த நாட்டுச் சிப்பாய்களைக் கைதிகளாக முகாமில் வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் எங்கள் தோட்டத்துக் காய்கறியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அந்த முகாமில் போடுவார். அவர் பெயரை நான் சொல்லக் கூடாது. தபால் உறையின் மேல் சென்னப்பன் என்று எழுதியிருக்கும். முகாமில் காய்களை இறக்கி வாங்குகிறவன் பியெத்ரோ என்ற கைதி. இவருக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு இவர் பாஷை தெரியாது. இரண்டு பேரும் அரைகுறைக் கன்னடத்தில் பேசிப் பேசிச் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். விடுதலையாகி ஊருக்குப் போனவன் கல்யாணம் செய்துகொண்டு, வருஷத்துக்கு ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தான். முகாமில் கற்ற இங்கிலீஷில் எழுதுவான். ஆனால் ஆரம்பம் மட்டும் எப்போதும் 'ஊட்டா ஆய்த்தா' என்று கன்னடத்தில் இருக்கும். கப்பலில் இரண்டு மாதம் வந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற கடிதம்.

ஓசூர் மிஷன் பள்ளிக்கூடத்து ஜெயசெல்வி டீச்சர்தான் அந்தக் கடிதங்களைப் படித்துச் சொல்வார். எங்கள் பதிலையும் அவரே எழுதுவார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் கடிதத்தோடு ஒரு பார்சலும் வந்தது. பிரித்தால் நீல நிறத்தில் ஒரு தகர டப்பா. மூடியில் ஒரு மலை, மலைமேல் ஒரு ஆடு. உள்ளே மஞ்சளாக ஒரு பெரிய கட்டி, கருங்கல் மாதிரி. அதன் வாசனையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அது பாலைத் திரித்து உப்புப் போட்டு இரண்டு வருஷம் வைத்திருந்து செய்த பண்டமாம், பியெத்ரோவின் மனைவி லூச்சியா அனுப்பியதாம். இரண்டு வருஷம் வைத்திருந்தால் பால் வேறு எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் அசரவில்லை. தேங்காய் துருவும் மணையில் அதைத் துருவி, ராகிக் களிமேல் தூவி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மறுநாளும் கேட்டார். அந்தக் கட்டி தீரும்வரை என் சாம்பாருக்கு அந்த வீட்டில் மரியாதையே இல்லை.

கட்டி தீர்ந்தது. டப்பா மிஞ்சியது. நான் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தேன். அது பரிசாக வந்தது, நாமே வைத்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். டீச்சரும் அதையேதான் சொன்னார். மூடி இவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிற டப்பாவை எந்தப் பெண்பிள்ளையாவது மனசாரக் கொடுப்பாளா என்று நான் கேட்டேன். பலகாரம்தான் நமக்கு, பாத்திரம் அவளுக்கு. அடுத்த வாரமே ராகி மாவு, கொள்ளு, கொஞ்சம் புளி போட்டு டப்பாவை இத்தாலிக்கே அனுப்பிவைத்தேன்.

ஏழு மாதம் கழித்து அதே டப்பா அதே ஆட்டோடு திரும்பி வந்தது. உள்ளே காய்ந்த காளானும், சேமியாவைப் பிடித்து இழுத்து நீட்டியது போன்ற குச்சிகளும் இருந்தன. கூடவே லூச்சியா சொல்லி அவன் எழுதிய கடிதம். டப்பா உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டிருந்தாள். மாவைக் கிண்டிப் பலகையில் கொட்டி, நூலால் அறுத்துத் துண்டு போட்டு, வெண்ணெயில் வறுத்துச் சாப்பிட்டார்களாம். ருசியாக இருந்ததாம், ஆனால் பல்லில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லையாம். களியை நூலால் அறுத்தாள் என்பதைக் கேட்டு இரண்டு நாள் சிரித்தேன். களியை மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும் என்றும், டப்பாவைக் காலியாகத் திருப்புவது எங்கள் ஊரில் வழக்கமில்லை என்றும் டீச்சரை எழுதச் சொன்னேன்.

அதற்கு வந்த பதிலில்தான் எனக்கு லூச்சியாவைப் பிடித்துப்போனது. பியெத்ரோ களியை விழுங்கப் பார்த்து, முதுகில் மூன்று அடி வாங்கின பிறகுதான் மூச்சு விட்டானாம். அடித்தது லூச்சியாவாம். டப்பா விஷயம் புரிந்துவிட்டதாம், தன் கையும் தாழ்ந்துபோகாதாம். எனக்குச் சரியான ஆள் கடல் கடந்து கிடைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அது போட்டியாகவே ஆகிவிட்டது. நான் எள்ளுருண்டை அனுப்பினால் அவள் வாதுமைக்கொட்டை அனுப்புவாள். நான் தட்டை மாதிரி நிப்பட்டு சுட்டு அனுப்பினால் அவள் எலுமிச்சைத் தோலைச் சர்க்கரையில் ஊறவைத்து அனுப்புவாள். மூடியில் இருந்த ஆட்டுக்கு ஒரு கொம்பு தேய்ந்துபோனது. பார்சல் வருகிற நாளில் என் வீட்டில் பத்துப் பேராவது கூடிவிடுவார்கள். எதிர்வீட்டு ரங்கம்மா முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டு, எல்லாவற்றையும் தின்றுவிட்டு, நம்ம ஊர்ப் பண்டம் மாதிரி வராது என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஐம்பத்தாறில் நான் ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கிருஷ்ணகிரிப் பக்கம் என் அண்ணன் தோப்பு மாங்காயை வரவழைத்து, ஆவக்காய் போட்டு, பீங்கான் ஜாடியில் அடைத்து, வாயை மெழுகால் மூடி, டப்பாவுக்குள் வைத்து, சுற்றிலும் உமி திணித்து அனுப்பினேன். என் வாழ்நாளில் போட்ட ஊறுகாயில் அதுதான் உசத்தி. இதற்கு என்ன பதில் வரும் பார்க்கலாம் என்று ரங்கம்மாவிடம் சவால்கூட விட்டேன். அந்த வருஷம் பார்த்துச் சூயஸ் கால்வாய் அடைபட்டுப்போய்க் கப்பல்கள் உலகத்தையே சுற்றிக்கொண்டு வந்தன. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து பத்து மாதத்தை ஓட்டினேன்.

ஐம்பத்தேழு ஜூன் மாதம் டப்பா வந்தது. வழக்கம்போல் கூட்டம் கூடியது. தூக்கும்போதே எடை இல்லை. மூடியைத் திறந்தேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை. பண்டம் இல்லை, கடிதமும் இல்லை. கழுவித் துடைத்த சுத்தமான தகரம்.

ரங்கம்மா எட்டிப் பார்த்தாள். ஊறுகாய் ரொம்பக் காரமோ என்னமோ என்று ரொம்ப மெதுவாகச் சொன்னாள். அதை அவள் சத்தமாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பத்துப் பேரும் ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்து எழுந்து போனார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐந்து வருஷம் கொடுத்து வாங்கிய பிறகு, என் ஆவக்காய்க்குப் பதில் வெறும் தகரமா? வழக்கம் தெரியாதவளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். எல்லாம் தெரிந்தவள், தன் கை தாழாது என்று எழுதினவள். அவளும் அவள் கையும். கடிதம் பின்னால் வரும், பொறு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். டீச்சரும் சொன்னார். நான் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் டப்பாவைத் துணியில் தைத்து எடுத்துக்கொண்டு ஓசூர் தபாலாபீசுக்குப் போனேன்.

வெளிநாட்டுப் பார்சலுக்கு உள்ளே இருப்பதை எல்லாம் சுங்கச் சீட்டில் எழுதியாக வேண்டும். தபாலாபீஸ் கங்கப்பன், இந்தத் தடவை என்னம்மா, நிப்பட்டா, உருண்டையா என்று பேனாவை எடுத்தார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று எழுத முடியாதே என்று அவர் தலையைச் சொறிந்தார். ஒரு பிடி கொள்ளாவது போட்டுக் கொண்டுவாருங்கள் என்று கெஞ்சினார். நான் அசையவில்லை. கடைசியில் 'காலி டப்பா' என்று இங்கிலீஷில் எழுதி, முத்திரை குத்தி, பையில் போட்டார். நான் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். இதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. டீச்சர் வழக்கம்போல் ஊட்டா ஆய்த்தாவை எதிர்பார்த்துப் பிரித்தார். அது இல்லை. அவர் கொஞ்ச நேரம் தனக்குள்ளேயே படித்துவிட்டு, பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

லூச்சியா பிப்ரவரி மாதம் இறந்துவிட்டாள். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஊறுகாயைப் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்காமல், கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே அவளே தின்று தீர்த்தாளாம். இதை எப்படி ஜெயிப்பது என்று தெரியவில்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். டப்பாவைக் கழுவி அலமாரிமேல் வைத்திருந்தாள், என்ன போடுவது என்று முடிவு செய்யவில்லை. தான் எதையாவது போட்டால் அது அவள் போட்டது ஆகாது, ஆனால் எங்கள் முறை வரவேண்டும், டப்பாவை நிறுத்தி வைத்தால் அவளுக்குப் பிடிக்காது, அதனால் அவள் வைத்தபடியே அனுப்பிவிட்டதாகப் பியெத்ரோ எழுதியிருந்தான். கூடவே கடிதம் வைக்க உட்கார்ந்தானாம், கை ஓடவில்லையாம். இப்போதுதான் எழுத முடிந்ததாம்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அங்கிருந்து பாத்திரம் காலியாகத்தான் வரும். நிரப்பி எடுத்துக்கொண்டு போகவேண்டியவர்கள் நாம்தான். நிரப்பவேண்டிய பாத்திரத்தை நான் முத்திரை குத்திக் காலியாக அனுப்பியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. ஒருநாளும் பார்க்காத அந்தப் பெண்ணுக்காக, என் கூடப்பிறந்தவள் போனதுபோல் அழுதேன்.

அப்புறம் செருப்புக்கூடப் போடாமல் தபாலாபீசுக்கு ஓடினேன். டப்பா மெட்ராஸ் போய், பம்பாய் போய், இந்நேரம் கப்பல் ஏறியிருக்கும் என்றார் கங்கப்பன். திருப்பி வாங்க மனு எழுதலாம், ஆனால் மனுவும் கப்பலில்தான் போகும் என்றார். ஆகாய விமானத்தில் போகிற நீலக் கடிதத்தாள் ஒன்று இருக்கிறது, அது ஒரு வாரத்தில் போய்விடும், டப்பாவுக்கு முன்னால் சேர்ந்துவிடும் என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர்தான் முதலில் சொன்னார்.

"இப்படி எழுதிடலாம் பூவு. துக்க வூட்டுப் பாத்திரத்தைக் காலியாத் திருப்பறதுதான் எங்கூரு வழக்கம்னு. அவனுக்கு என்னா தெரியும்? மனசு நோவாது."

நல்ல யோசனைதான். அவனுக்கு எங்கள் வழக்கம் எதுவும் தெரியாது, நாங்கள் சொல்வதுதான் வழக்கம். டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் லூச்சியா இருந்தால் இதை நம்பியிருக்க மாட்டாள். அவளும் என்னை மாதிரித்தானே.

"பொய் வேணாங்க" என்றேன். "டீச்சரம்மா, நான் சொல்றதை அப்படியே எழுதுங்க. டப்பா காலியா வரும். அது வழக்கம் இல்ல, என் கோவம். லூச்சியா போனது தெரியாம அனுப்பிச்சுட்டேன்."

டீச்சர் எழுதினார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போய், பரணில் இருந்து என் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த பித்தளைத் தூக்கை இறக்கினேன். துக்க வீட்டுக்கு இனிப்புப் போகக் கூடாது. ராகி மாவு, வறுத்த கொள்ளு, அவரைப் பருப்பு, அந்தப் பிள்ளைகள் அம்மாவிடம் கேட்டுக் கிடைக்காத ஆவக்காய் ஒரு ஜாடி. மூடியை வைத்து அமுக்கிப் பார்த்தேன். நன்றாகப் பொருந்தியது. அதைக் கொண்டுவந்து தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னும் ஒண்ணு எழுதணும் டீச்சரம்மா. டப்பாவுக்குப் பின்னாலயே ஒரு தூக்கு வருது. அதைத் திருப்பி அனுப்ப வேணாம்."

டீச்சரின் பேனா நின்றது. என் வீட்டுக்காரர் கூரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இருபது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவர்.

"எழுதுங்க" என்றேன்.