வெட்டி எடுத்த பதினாறு நிமிஷம்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் கண்ணுகளா, கடல் காற்று இரைச்சலில் என் குரல் எட்டாது, கடப்பாக்கத்து சம்சாத் பேகம் ஒரு சாயங்காலம் பதினாறு நிமிஷத்தை எப்படிக் கழித்தாள் என்று சொல்கிறேன், பெரிய கதை ஒன்றும் இல்லை, ஒரு தட்டு வடை ஆறுகிற நேரம்தான், ஆனால் அந்த நேரம் முழுக்க அவளோடு கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், நடுவில் எழுந்து போகக் கூடாது...

...பாங்கா? இப்போதா? சம்சாத் பேகம் கரண்டியோடு அப்படியே நின்றாள், எண்ணெயில் நாலு வடை சிவந்துகொண்டிருக்கிறது, கூடத்து டிவியிலிருந்து பாங்கு வருகிறது, சமையலறைக் கடிகாரத்தில் ஆறு மணி ஆறு நிமிஷம், இன்றைக்கு நோன்பு திறக்கிற நேரம் ஆறு இருபத்திரண்டு, பள்ளிவாசலில் கொடுத்த அட்டையில் தெளிவாகப் போட்டிருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே கழிவெளித் தண்ணீருக்கு மேலே சூரியன் இன்னும் முழுசாக நிற்கிறது, உப்பளத்துக் குவியல் எல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கிறது, சூரியன் நிற்கும்போது பாங்கு எப்படி வரும், வரும், அவள் கையால் வெட்டி ஒட்டிய நேற்றைய பதிவு அல்லவா, வரும், யா அல்லா, அஞ்சு இருபத்திரண்டுக்கே போட்டுவிட்டேனா? அடுப்பை அணைத்தாளா இல்லையா தெரியாது, ஓடினாள், கூடத்து வாசலை எட்டுவதற்குள் அவள் கணவர் ஷேக் தாவூத் துஆவை முணுமுணுத்து முடித்துவிட்டார், கறுப்புக் கண்ணாடி போட்ட முகத்தை டிவி பக்கம் திருப்பியபடியே தட்டைத் தடவிப் பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து வாயில் வைத்துவிட்டார், தாடை அசைந்தது, தண்ணீர் ஒரு மடக்கு, தொண்டை ஏறி இறங்கியது, அவள் கண்ணால் பார்த்தாள், கூப்பிட வாயைத் திறந்தாள், அதற்குள் காலடிச் சத்தத்தைக் கேட்டு அவர்தான் சொன்னார்.

"வந்துட்டியா? உக்காரு, தொற. நேரம் ஆய்டுச்சி பாரு."

உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாய் சம்சாத், நின்றபடியே சொல்லியிருக்கலாமே, நேரம் ஆகவில்லைங்க, இது நேற்றைய பாங்கு என்று ஒரு வரி, ஒரு வரிதானே... ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் பதினெட்டு நாள் பொய் வரிசையாக நிற்கிறதே, அதை எந்த நுனியில் பிடித்து இழுப்பது? நோன்புக்கு நாலு நாள் முன்னால் செங்கல்பட்டில் அவருக்குக் கண் ஆபரேஷன், இன்னொரு கண்ணிலும் புரை, அது பெருநாளுக்கு அப்புறம், ஆபரேஷன் செய்த கண்ணும் இன்னும் தெளியவில்லை, அதுவரை வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், கடிகாரம் தெரியாது. பத்து நாளைக்கு நோன்பை விடுங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, "கண்ணுல வுடற மருந்து வயித்துக்கா போவுது?" என்று கேட்டு அந்த மனிதரைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தவர். தன் மீன்வலைக் கடைக்கும் போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்தவருக்கு டிவியில் வருகிற இந்தச் சாயங்கால நோன்பு நிகழ்ச்சி ஒன்றுதான் துணை, ஒரு மணி நேரம், ஹஜ்ரத் பேசுவார், துஆ ஓதுவார், கடைசியில் பாங்கு. முதல் நோன்பு அன்றைக்கே நடுவில் விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தூக்கி மெத்தையில் போட்டார், "துஆ கேக்கற நேரத்துல ஒருத்தி நகை மாட்டிகினு பாடறா, இத்த கேட்டுகினு நான் இன்னா நோன்பு தொறக்கறது?" என்று அணைக்கச் சொல்லிவிட்டார், அப்புறம் அந்த ஒரு மணி நேரமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

சிறுசேரி ஆபீசில் வேலை பார்க்கும் மகன் தௌசிஃப்தான் வழி சொன்னான், விரல் அளவு கருவி ஒன்றை அனுப்பினான், கேபிள் பெட்டிக்கும் அவனுடைய பழைய கம்ப்யூட்டருக்கும் நடுவில் அதைச் செருகினால் டிவியில் ஓடுவதெல்லாம் பதிவாகிவிடும், போனில் முகத்தைக் காட்டிக்கொண்டே ஒன்றொன்றாகக் கற்றுக் கொடுத்தான். திரையில் சத்தம் பச்சை வரியாக ஓடும், ஹஜ்ரத் பேசுகிற இடம் மெல்லிசு, விளம்பரம் வந்தால் வரி புடைத்துக்கொள்ளும், புடைப்புக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி, நடுவில் இருப்பதைத் தூக்கி எறி, அவ்வளவுதான், மூன்றாம் நாளே கை பழகிவிட்டது. ஆனால் அவர் பழையதைக் கேட்க மாட்டார், இன்றைக்குச் சொல்வதை இன்றைக்கே கேட்க வேண்டும், அதனால் சொன்னாள், தௌசிஃப் தனியாகக் கட்டணம் கட்டி விளம்பரமே வராத கனெக்‌ஷன் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று. நேற்றையதை இன்றைக்கு, முந்தாநாளையதை நேற்றைக்கு, இப்படியே ஓட்டினாள், இன்று பதினாறாவது நோன்பு என்று ஹஜ்ரத் சொன்னால் அதையும் வெட்டினாள், வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமையை வெட்டினாள். அவர் நோன்பு கெடக் கூடாது என்று காலையில் உட்கார்ந்து, தானும் நோன்போடு, அத்தனை நகைக்கடையையும் சேலைக்கடையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டினாள், ஒருநாள் குளிக்கும்போது ஷாம்பு பாட்டு வாயில் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாங்கை மட்டும் வெட்டவில்லை, வெட்டினால் சந்தேகம் வருமே, அதற்குத்தான் அந்தக் கணக்கு, விளம்பரம் பதினாறு நிமிஷம் போனால் நிகழ்ச்சி நாற்பத்துநாலு நிமிஷம்தான், அதனால் அஞ்சு இருபத்திரண்டுக்குப் போடாமல் பதினாறு நிமிஷம் கழித்து அஞ்சு முப்பத்தெட்டுக்குப் போடவேண்டும், அப்போதுதான் நேற்றைய பாங்கு இன்றைய நேரத்துக்குச் சரியாக வந்து உட்காரும். பக்கத்து வீட்டு ரேணுகா கஞ்சி வாங்க வந்திருக்கிறாள், அடுப்பில் பால் இருக்கிறது, தினம் ஒரு சாக்கு சொல்லி அந்தப் பதினாறைத் தள்ளிவிடுவாள், பதினேழு நாள் தள்ளினாள், இன்றைக்கு மகள் ஹனியா செங்கல்பட்டிலிருந்து போன், இனாயா அரை நோன்பு பிடித்தே தீருவேன் என்று அடம் பிடிக்கிறாள் என்று ஒரே சிரிப்பு, போனைக் காதில் இடுக்கிக்கொண்டே டிவியைப் போட்டுவிட்டாள், பேத்திக்குச் சிரித்தபடியே போட்டுவிட்டாள்...

ஆறு ஒன்பது. நாற்பத்தாறு வருஷம். பதினைந்து வயதில் தொடங்கியவர், டைபாய்டு வந்த வருஷமும் விடவில்லை, வலைக்கடை வாசலில் படகுக்கார வெங்கடேசன் வம்புக்கு இழுப்பார், "ஒரு நாளு டீயாவது குடிச்சிருப்பே பாய், ஒத்துக்க," என்பார், இவர் மீசை இல்லாத மேலுதட்டைத் தடவிக்கொண்டு, ஒரு நோன்பு கூடப் பாக்கி கிடையாது என்பார், அந்தக் குரலில் இருக்கும் மிடுக்கு அவளுக்குத் தெரியும், அவளும் மனசுக்குள் அதே மிடுக்கோடுதான் இருந்தாள். இன்றைக்கு அது போயிற்று. சூரியன் இருக்கும்போது தெரியாமல் சாப்பிட்டாலும் அந்த நோன்பு சேராது, வேறொரு நாள் பிடித்துக் கொடுக்க வேண்டும், இது அவளுக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். சொல்லாவிட்டால்? பாக்கி இல்லை என்று நினைத்துக்கொண்டே ஒரு பாக்கியோடு போய்ச் சேருவார், அங்கே கேட்டால் யாரை நிறுத்துவார்கள், அவரையா என்னையா? சொன்னால்? நாற்பத்தாறு வருஷத்தை முப்பத்தைந்து வருஷமாகக் கூட இருந்த பெண்டாட்டி ஒரு பட்டனில் முடித்தாள் என்று ஆகும். இரண்டு ஸ்பூன் கஞ்சியும் உள்ளே போய்விட்டது, அவர் கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டுத்தான் மூச்சு விட்டாள்.

"சூடா கீது. ஆறட்டும்."

ஆறட்டும், நல்லது, ஆறட்டும், ஆறிக்கொண்டே இருக்கட்டும்... ஆனால் நான்? அவள் கையில் பேரீச்சம்பழம் பிசுபிசுத்தது. அவர் தெரியாமல் தின்றார், நான் தெரிந்து தின்றால் அது எந்தக் கணக்கு? தின்னாமல் இருந்தால் ஏன் தின்னவில்லை என்பார். கண் மங்கிய ஆள், காது மங்கவில்லை, ரோட்டில் போகிற மீன்காரன் டயர் சத்தத்தை வைத்தே பேரைச் சொல்வார். பழத்தைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தாள், ஸ்பூனை எடுத்துக் கஞ்சிக் கிண்ணத்தில் ஒரு தட்டு தட்டினாள், கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு உரசல், வெறும் வாயை ஒருமுறை மென்றாள். இதுவும் ஒரு பொய், ஸ்பூனால் சொன்ன பொய். இன்னொரு தட்டு. இன்னொரு உரசல். டிவியில் பாங்குக்கு அப்புறம் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நேற்றையது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பினார், வெயில் சாய்வாக வந்து அவர் இடது கன்னத்தில் விழுந்திருந்தது, தோலுக்குத் தெரியுமா வெயில்? தெரியாமல் இருக்குமா? அவள் மெதுவாக எழுந்து ஜன்னல் திரையை இழுத்து விட்டாள், கொசு வரும் என்றாள், அவர் ம் என்றார்.

ஆறு பதினாலு. வடை எப்படி இருக்கிறது என்று கேட்டார். சட்டியிலேயே கிடக்கிறது வடை, கருகியிருக்கும், கருகல் வாசனை கூட வருகிறதே, அவருக்கு வரவில்லையா? உப்பு கொஞ்சம் கம்மி என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது, வடைத் தட்டு கூடத்துக்கு வரவே இல்லையே, எதில் உப்புப் பார்த்தாள்? அவர் தலையை ஆட்டினார், அந்த ஆட்டலில் என்ன இருந்தது, ஒன்றும் இல்லை, ஒன்றும் இருக்காது, நீயாக எதையாவது கற்பித்துக்கொள்ளாதே... இனி இருப்பது ஒன்றே ஒன்று, பள்ளிவாசல் பாங்கு. வீடு கடலோரம், பள்ளிவாசல் ஊருக்கு மேற்கே, கடல் காற்று பலமாக அடித்தால் சத்தத்தைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய்விடும், நேற்று வரவில்லை, முந்தாநாள் கொஞ்சம் வந்தது. அப்படியே வந்தாலும் இதோ ரிமோட், சத்தத்தைக் கூட்டும் பட்டன் மேல் அவள் கட்டைவிரல், ஆறு இருபத்திரண்டுக்கு நாலு அழுத்து அழுத்தினால் போதும், பாட்டு வீடு முழுக்க நிறைந்துவிடும், இன்றைய நோன்பு முடிந்தது, நாற்பத்தாறும் நாற்பத்தாறாகவே இருக்கும், அவர் நிம்மதியாகத் தூங்குவார். நான்? பெருநாள் கழிந்து அவருக்குப் பதிலாக நானே ஒரு நோன்பு பிடித்துவிட்டால்? அப்படி ஒருவர் வயிற்றை இன்னொருவர் காயப்போட முடியுமா? ஹஜ்ரத்திடம் கேட்க வேண்டும், எந்த ஹஜ்ரத்திடம், வெட்டி ஒட்டிய ஹஜ்ரத்திடமா?

ஆறு இருபது. ஸ்பூனால் ஒரு தட்டு. காற்று அடிக்கிறது, தென்னை மட்டை சரசரக்கிறது, அடி காற்றே, இன்னும் கொஞ்சம் பலமாக அடி... சீ, எதற்கு வேண்டுகிறாய், நோன்பு திறக்கும் நேரத்தில் கேட்பது கிடைக்கும் என்பார்களே, அந்த நேரத்தில் போய் பாங்கு கேட்கக் கூடாது என்றா கேட்பாய்? ஆறு இருபத்தொன்று. அவர் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், எதையோ எதிர்பார்க்கிறவர் மாதிரி, அல்லது முதுகு வலிக்கிறதோ என்னவோ. அப்போது வந்தது, நூல் மாதிரி, காற்று அறுத்து அறுத்துக் கொடுத்த நூல், அல்லாஹு... அவள் கட்டைவிரல் பட்டன் மேல் இறங்கியது. இறங்கிய இடம் சத்தத்தைக் கூட்டும் பட்டன் இல்லை, பக்கத்தில் இருந்தது, சத்தத்தை அடியோடு நிறுத்துவது. விரல் தானாக நகர்ந்ததா, அவள்தான் நகர்த்தினாளா, அது இன்றுவரை அவளுக்கே தெரியாது. பாட்டு நின்றது. வீட்டுக்குள் உண்மையான பாங்கு வந்தது, மெலிசாக, ஆனால் முழுசாக. அவர் அசையவில்லை. கடைசி வரி முடிகிற வரை கேட்டார், முடிந்ததும் கையை நீட்டித் தட்டைத் தடவினார், அவள் வைத்த பழத்தை விரலால் கண்டுபிடித்து எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"இப்ப தொற, சம்சாத்."

பழத்தை வாங்கினாள். வாயில் வைத்ததும் இனிப்பு தெரியவில்லை, கண்ணீர் உப்புதான் தெரிந்தது. தண்ணீர் குடித்தாள். என்னங்க, நான் வேணும்னு... என்று ஆரம்பித்தாள். மொதல்ல குடி, அப்பறம் பேசு என்றார். கோபமா? கோபத்தில் இவர் கத்துவார், இது கத்தல் இல்லை. குரலில் மிடுக்கும் இல்லை. தன் கிண்ணத்தை எடுத்துக் கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தார், இப்போதுதான் முதல்முறை குடிக்கிறவர் மாதிரி பசியோடு குடித்தார், அப்போது அவளுக்கு நினைவு வந்தது, அஞ்சு மணிக்கே பள்ளிவாசலிலிருந்து தூக்கில் வந்த கஞ்சி, ஆறு மணிக்கு அதில் ஏது சூடு? அப்படியானால் இரண்டாவது ஸ்பூனிலேயே தெரிந்துவிட்டதா, வெயில் சொன்னதா, என் ஸ்பூன் சொன்னதா? பதின்மூன்று நிமிஷம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடாமல் சாப்பிட்டோமா? கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"பெருநாள் முடிஞ்சி ஒண்ணு புடிச்சிக்கறேன். நாளையிலர்ந்து நீ வெட்டிகினு கெடக்காத. வெளம்பரத்தோடயே போடு, கேட்டுக்கறேன்."

வெட்டிகினு. அந்தச் சொல்லைத்தான் அவர் சொன்னார். தொழுகைக்கு எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போய்விட்டார், பின்கட்டில் ஒளு செய்கிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது, அவள் பழத்தின் கொட்டையைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவருக்குத் தெரியும். இன்றைக்கு மட்டும் இல்லை, கனெக்‌ஷன் கதை சொன்ன நாளிலிருந்தே தெரிந்திருக்கலாம், காலையில் கம்ப்யூட்டர் அறையில் துண்டு துண்டாக ஓடிய நகைக்கடைப் பாட்டு, கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தவர் காதில் விழாமலா இருந்திருக்கும்? அது நேற்றைய பாங்கு என்று தெரிந்த மனிதர், கடிகாரம் பார்க்க முடியாத மனிதர், பள்ளிவாசல் சத்தம் வராத நாளில் கூட ஒரு நிமிஷம் தயங்காமல் வாயில் வைத்தாரே... அப்படியானால் இந்தப் பதினெட்டு நாளும் அவர் எதை நம்பிப் பழத்தை எடுத்தார்?

அவள் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் எழுந்து போங்கள் கண்ணுகளா, உங்கள் வீட்டில் விளக்கு வைத்திருப்பார்கள், உங்கள் வீட்டு உலை குறையாமல் கொதிக்கட்டும், பசித்து உட்காருகிற ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கட்டும், எல்லாரும் நல்லா இருங்கள்.