ஐம்பத்தெட்டில் நின்ற வண்டி

ஏழாம் எண் சோதனை ஸ்கூட்டர் நாட்றாம்பாளையத்தில் ஒரு டீக்கடை முன்னால் ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. அதன் திரை மணிக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் வேகம் என்று காட்டியது. ஓட்டிவந்த மாதேஸ்வரி சாவியைத் திருப்பி அணைத்துப் பார்த்தாள். திரை அணையவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் ஐம்பத்தெட்டு. தேன்கனிக்கோட்டைக்குத் திரும்பி, பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் சரியானது.

மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. தொடர்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் நாற்பதைத் தாண்டக் கூடாத மலைப்பாதையில் இரண்டு மணி பத்து நிமிடம் ஐம்பத்தெட்டில் ஓட்டியதாக அதில் எழுதியிருந்தது. ஓசூரிலிருந்த கம்பெனி சர்வர், வண்டியிலிருந்து புது எண் வராத நேரங்களில் பழைய எண்ணையே நிரப்பிக்கொள்ளும். சர்வர் பதிவில் வண்டி இருந்த இடமும் அதே இரண்டு மணி பத்து நிமிடம் அஞ்செட்டிக்கு அருகே ஒரே புள்ளியில்தான் இருந்தது. ஆனால் வேகம் ஒரு தாளிலும் இடம் வேறொரு தாளிலும் அச்சாகும். இரண்டையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை. மாதேஸ்வரியை வண்டியிலிருந்து இறக்கி, பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்பினார்கள்.

அந்தக் கம்பெனி மின்சார ஸ்கூட்டர்களுக்குத் திரை செய்து கொடுப்பது. திரைக்குள் ஓடும் கெர்னலுக்கு, அதாவது நினைவகத்தை எந்த வேலைக்கு எவ்வளவு என்று பங்கிட்டுத் தரும் அடித்தள மென்பொருளுக்கு, மோகனப்ரியா பொறுப்பு. அருப்புக்கோட்டைக்காரி, ஓசூர் வந்து நான்கு வருடம். திரை உறைந்துபோவதாகப் புகார் வந்ததும் தவறு, சிப்பையும் அதற்கான ஆரம்ப மென்பொருளையும் கொடுத்த பெங்களூர் கம்பெனியுடையது என்று முடிவு செய்தாள். பதினைந்து நாளில் மூன்று மெயில் அனுப்பினாள். மூன்றாவதில் 'பொறுப்பின்மை' என்ற சொல் இருந்தது. அவர்கள் மூன்றுக்கும் ஒரே பதிலை அனுப்பினார்கள். எங்கள் பக்கம் பிழை தெரியவில்லை, உங்கள் மாற்றங்களைச் சரிபார்க்கவும்.

வேறு வழியில்லாமல், ஓட்டியவளையே கேட்கப் பேக்கிங் பிரிவுக்குப் போனாள். மாதேஸ்வரி டேப் ஒட்டுவதை நிறுத்தாமல் பேசினாள்.

"டவரு இருக்கற வரிக்கும் ஒன்னும் ஆவாது மேடம். அஞ்செட்டி காட்டுல டவரு போயிடும். அப்புறம் ஒரு இருவது நிமிசம் ஓடும். அப்புறம் நின்னுக்கும்."

"இத ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"சொன்னனே. மெமோவுக்குப் பதில் எழுதிக் குடுத்தன். ரெண்டு பக்கம்."

அந்த இரண்டு பக்கமும் மனிதவளப் பிரிவில் 'பதில் பெறப்பட்டது' என்று முத்திரை குத்தப்பட்டு ஒரு கோப்பில் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை இருவரும் ஏழாம் வண்டியில் கிளம்பினார்கள். மாதேஸ்வரி ஓட்டினாள். மோகனப்ரியா பின்னால் உட்கார்ந்து, லேப்டாப்பை இருவருக்கும் நடுவில் வைத்து, ஒரு ஒயரால் திரையோடு இணைத்திருந்தாள். அஞ்செட்டி தாண்டி டவர் போனது. பத்தொன்பதாவது நிமிடம் திரை முப்பத்தொன்றில் நின்றது. மாதேஸ்வரி வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, "ஆச்சு பாருங்க" என்றாள்.

உள்ளே எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்ற பட்டியலை மோகனப்ரியா அங்கேயே எடுத்தாள். ஒரு பாறையில் உட்கார்ந்து படித்தாள். நாற்பது நிமிடம் ஆனது. சாலையில் ஒரு பஸ் போனது.

"என்னா மேடம் போட்ருக்குது அதுல?"

மோகனப்ரியா தரையைப் பார்த்துச் சொன்னாள். "கெர்னல்ல உடனே முடிக்க வேண்டாத வேலைய எல்லாம் ஒரு வரிசையில போட்டு வச்சிரும்க்கா. பின்னால அத எடுத்துச் செய்ய வொர்க்கர்னு இருக்கும். நிஜ ஆள் இல்ல, புரோகிராம்தான். டவர் இல்லன்னா நீங்க ஓட்டுன விவரம் எல்லாம் அனுப்ப முடியாம மெமரியில சேந்துக்கிட்டே போகுது. மெமரி நிறைஞ்சிருது. அத எடுத்து ஸ்டோரேஜ்ல எழுதிட்டா இடம் காலியாகும்."

"எழுத வேண்டிதுதான?"

"எழுதுற வேலையும் வரிசையிலதான் நிக்கிது. இருக்கிற வொர்க்கர் எல்லாம் மெமரி கிடைக்கும்னு காத்துக்கிட்டு இருக்கு. புது வொர்க்கர் ஒண்ண உருவாக்கணும். அத உருவாக்கவும் மெமரி வேணும்."

மாதேஸ்வரி எட்டி லேப்டாப்பைப் பார்த்தாள்.

"இதுக்குன்னு ஒருத்தன முன்னாடியே தனியா நிறுத்தி வெச்சிருக்கக் கூடாதா?"

"வைக்கலாம். வரிசையை உருவாக்குறப்பவே ஒரு வார்த்தை சேத்துட்டா போதும். மெமரி தீந்தாலும் அந்த ஒரு ஆள் இருப்பான்."

"அப்ப ஏன் சேக்கல?"

அது மோகனப்ரியாவுக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை அலுவலகத்தில் வரிசையை உருவாக்கும் அந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாற்றை எடுத்துப் பார்த்தாள். பெங்களூர்க்காரர்கள் அந்த வார்த்தையோடுதான் அனுப்பியிருந்தார்கள். இரண்டு வருடம் முன்பு ஒருவர் அதை எடுத்திருந்தார். பெயர், மோகனப்ரியா. குறிப்பு, 'எச்சரிக்கை வரி நீக்கப்பட்டது.' ஒப்புதல், சென்னகிருஷ்ணன்.

அவளுக்கு நினைவு வந்தது. அன்று ஸ்கூட்டர் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. திரை கிளம்பும்போது ஓர் எச்சரிக்கை வரி வந்துகொண்டிருந்தது. தனி ஆள் ஒதுக்கப்பட்ட வரிசை ஒன்று, ஆள் ஒதுக்கப்படாத இன்னொரு வரிசைக்காகக் காத்திருக்கிறது, இது ஆபத்து என்று அது சொன்னது. இரண்டாவது வரிசைக்கும் ஓர் ஆளை ஒதுக்கியிருக்க வேண்டும். அவள் முதல் வரிசைக்கு ஒதுக்கியதை எடுத்துவிட்டாள். எச்சரிக்கை வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், அவளுக்கு ஒரு பேனா கொடுத்தார்கள்.

 லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேலாளர் சென்னகிருஷ்ணனிடம் போனாள். வேப்பனப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு, அலுவலகத்தில் எல்லாம். அவர் லேப்டாப் திரையில் இருந்த இரண்டு பெயர்களையும் படித்தார்.

"பழைய புரோகிராம்ல இருந்த பிரச்சனைன்னு ரிப்போர்ட் எழுதும்மா. ரெண்டு வருசம்னா பழைய புரோகிராம்தானே."

"என் பேரு இருக்கு சார்."

"எம்பேரும் இருக்குது."

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி எழுது. எம்பேர நானே எழுதிக்கறேன்" என்றார்.

திருத்தம் மொத்தம் இரண்டு வார்த்தை. வரிசைக்கு ஒன்று. பெங்களூருக்கு நான்காவது மெயில் எழுதத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது. அவர்கள் பிழை தீர்ந்ததில் மகிழ்ச்சி என்று பதில் அனுப்பினார்கள். 'பொறுப்பின்மை' பற்றி எதுவும் சொல்லவில்லை.

மெமோவைத் திரும்பப் பெறுவது கடினமாக இருந்தது. அதற்கான படிவம் மனிதவளப் பிரிவில் இல்லை. நான்கு நாள் கழித்து, முந்தைய மெமோவை ரத்து செய்யும் இன்னொரு மெமோ கொடுத்தார்கள். மோகனப்ரியா அதைத் தானே பேக்கிங் பிரிவுக்கு எடுத்துப் போனாள்.

"அந்த வார்த்தைய எடுத்தது நான்தான்க்கா. என்னாலதான் உங்கள இறக்குனாங்க."

மாதேஸ்வரி அவளைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். டேப்பை மேசையில் வைத்தாள்.

"பொன்னுசாமின்னு ஒருத்தரு இருந்தாரு. மூணாம் வண்டி. எனக்கு நாலு மாசம் முன்னாடி அவருக்கும் இதே மெமோ. நான் அப்படி ஓட்டவே இல்லன்னாரு, யாரும் கேக்கல. பேக்கிங்ல நிக்க மாட்டன்னுட்டு வேலைய உட்டுட்டுப் போய்ட்டாரு. அவரத என்னா பண்ணுவீங்க?"

மோகனப்ரியா அங்கிருந்து நேராக மனிதவளப் பிரிவுக்குப் போனாள்.

வேலையை விட்டவருக்கு மெமோ கொடுக்க வழியில்லை என்று மனிதவளப் பிரிவு சொன்னது. சென்னகிருஷ்ணன் கம்பெனித் தாளில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரைப் பழுதால் தவறான வேகம் பதிவானது, பொன்னுசாமி விதிப்படிதான் ஓட்டினார், பழுதுக்குப் பொறுப்பு எங்கள் பிரிவு. கீழே மோகனப்ரியாவும் கையெழுத்திட்டாள்.

பொன்னுசாமி இப்போது வேறொரு கம்பெனிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டினார். மத்திகிரி கூட்ரோடு சந்திப்பில் மதியம் ஒன்றரைக்கு வண்டி நிற்கும் என்று மாதேஸ்வரி சொல்லியிருந்தாள். மோகனப்ரியா அங்கே போய், பஸ்ஸில் ஏறிக் கடிதத்தைக் கொடுத்தாள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஸ்டியரிங்மேல் கடிதத்தை விரித்து ஒருமுறை படித்தார். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தார்.

"நீங்கதான் கீழ கையெழுத்தா?"

"ஆமாங்க."

"ஊட்ல என் சம்சாரமே நம்பல. வேகமா போயிருப்பீங்கன்னுச்சு."

"நாங்க பேசுறோம் சார், நீங்க மறுபடி வேலைக்கு..."

"வேணாம்மா. இது நல்லாத்தான் கீது." கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எதிரே கம்பெனி கேட்டில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். "கொஞ்சம் இறங்கிக்கறீங்களா, ஆளு ஏறணும்" என்றார்.

அவள் இறங்கி ஓரமாக நின்றாள். ஆட்கள் ஏறி முடிக்க ஆறு நிமிடம் ஆனது. பஸ் நிதானமாகக் கிளம்பிப் போனது.